ஞாயிற்றுக்கிழமை நிற்கும் டேங்கருக்கு யார் கூலி கொடுப்பது?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் என் ஊர். வயது 26. சில வருடமாக நெல் லோடு லாரி ஓட்டுகிறேன். தஞ்சாவூரில் இரண்டு பெட்ரோல் டேங்கர் வைத்திருக்கும் ஒருவர் வேலைக்குக் கூப்பிடுகிறார். மாதம் 12,000 ரூபாய், ட்ரிப்புக்கு 400 ரூபாய் பேட்டா என்கிறார். திருச்சியில் ஏற்றி டெல்டா பங்க்குகளில் இறக்க வேண்டும். சனிக்கிழமை ஏற்றுவது சில வாரம் திங்கட்கிழமைதான் இறங்குமாம். அதுவரை லாரியோடு இருக்க வேண்டும், அதற்குத் தனிக்காசு கிடையாதாம். கைக்குழந்தை இருக்கிறது, மனைவி வேண்டாம் என்கிறாள். போகலாமா?

பதில்: போகலாம் தம்பி. ஆனால் அவர் சொன்ன கணக்கை அப்படியே ஒத்துக்கொண்டு போகாதீர்கள்.

வெளிமாநில லாரி ஓட்டுகிறவர் கிலோமீட்டரில் சம்பாதிக்கிறார். டெல்டா டேங்கரில் ஓட்டம் குறைவு, காத்திருப்பு அதிகம். திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் ஏறக்குறைய 55 கிலோமீட்டர்தான். ஆனால் எண்ணெய் ஏற்றும் டெர்மினல் வாசலில் வரிசை, பேப்பர், சோதனை, லோடிங் எல்லாம் முடிந்து பங்க்குக்குப் போனால், "டேங்கில் இடமில்லை, கொஞ்சம் விற்கட்டும்" என்பார்கள். நாள் முழுக்க வேலை பார்த்தும் கணக்கில் ஒரு ட்ரிப்தான் ஏறும். சம்பா அறுவடை சமயத்தில், அறுவடை இயந்திரமும் டிராக்டரும் டீசலுக்கு நிற்கும்போது, ட்ரிப் கூடும். தை மாத வருமானத்தைப் பார்த்து வண்டிக் கடன் வாங்கிவிடாதீர்கள். சித்திரையில் வயல் காய்ந்து கிடக்கும்போது கைக்கு என்ன வரும் என்று பார்த்து முடிவெடுங்கள். அதனால் பேட்டாவை 50 ரூபாய் ஏற்றிக் கேட்பதைவிட மாதச் சம்பளத்தை ஏற்றிக் கேட்பதுதான் உங்களுக்கு நல்லது.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். லோடு டேங்கரை விட்டு நகர முடியாது. வண்டி எங்கே நிற்கிறது என்று ஜிபிஎஸ்ஸில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஊருக்குள் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு ஒரு வாய் சாப்பிட்டு வரலாம் என்று நினைக்கவே வேண்டாம். காலி டேங்கரும் அப்படித்தான். உள்ளே தங்கியிருக்கும் பெட்ரோல் ஆவி, நிறைந்த டேங்கரைவிட ஆபத்தானது. கேபினில் ஸ்டவ் பற்றவைக்க முடியாது, பீடி சிகரெட்டும் கூடாது. ஒரு மனிதனை இப்படி இரண்டு ராத்திரி கட்டிப்போட்டுவிட்டு, "வண்டி ஓடவில்லையே, எதற்குக் காசு?" என்று கேட்பது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை. காவலும் வேலைதான். ராத்திரிக்கு இவ்வளவு என்று ஹால்ட் பேட்டா கேளுங்கள், சாப்பாட்டுக் காசு தனி.

இன்னொன்றும் சொல்லுங்கள். பங்க் ஞாயிற்றுக்கிழமையும் திறந்துதான் இருக்கிறது. இறக்காமல் போவதற்குக் காரணம், டேங்கில் இடம் இருக்காது, அல்லது பொறுப்பான ஆள் இருக்க மாட்டார். இரண்டையும் முதலாளி ஒரு போனில் கேட்டுவிடலாம். "சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஏற்றுவதாக இருந்தால், பங்க்கில் இறக்க ஒத்துக்கொண்ட பிறகு ஏற்றுகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பாதி ஞாயிறு அதிலேயே மிஞ்சும்.

அப்புறம், புது டிரைவர்கள் மாட்டிக்கொள்வது ஷார்ட்டேஜில், அதாவது ஏற்றிய அளவைவிட இறக்கும்போது குறைவதில். 12,000 லிட்டர் டீசல் ஒரு டிகிரி குளிர்ந்தால் சுமார் 10 லிட்டர் சுருங்கும். சனிக்கிழமை உச்சி வெயிலில் ஏற்றியதை, திங்கட்கிழமை விடிகாலைப் பனியில் டிப் ராடு என்ற அளவுகோலை டேங்குக்குள் விட்டுப் பார்த்தால் குறையத்தான் செய்யும். ஒரு சொட்டுகூட யாரும் எடுத்திருக்க மாட்டார்கள், ஆனால் பழி உங்கள் மேல், பிடித்தம் உங்கள் சம்பளத்தில். ஏற்றும்போதே டிப் அளவு, அடர்த்தி, வெப்பநிலை மூன்றையும் உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள். இறக்கும் இடத்தில் சீல் உடைவதற்கு முன்னால் பங்க்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, சீல் எண்ணைப் போட்டோ எடுங்கள். வெப்பநிலையைச் சேர்த்துக் கணக்குப் பார்க்காமல் பிடித்தம் செய்யக் கூடாது என்று வேலைக்குச் சேரும் அன்றைக்கே பேசிவிடுங்கள். நிற்கிற லாரி உங்களுக்கு வருமானம் தராதது மட்டுமா, இருக்கிற சம்பளத்தையும் கடிக்கும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே நாளுக்கு 8 மணி நேரம், வாரம் ஒரு நாள் ஓய்வு, மிகை நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்று இருந்தது. புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பிலும் இவை இருக்கின்றன. இரண்டு லாரி முதலாளியிடம் இதைக் காட்டிச் சண்டை போடச் சொல்லவில்லை. ஞாயிறு போனால் வாரத்தில் வேறொரு நாள் விடுப்பு கேட்க இது போதும்.

ஹெவி லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு ஏறிவிடாதீர்கள். ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்கான மூன்று நாள் ஹசார்டஸ் பயிற்சி முடித்து, லைசென்ஸில் பதிவு செய்தாக வேண்டும். அது 3 வருடத்துக்குச் செல்லும், புதுப்பிக்க ஒரு நாள் பயிற்சி. செலவை முதலாளி ஏற்கிறாரா என்று கேளுங்கள். இவ்வளவு சின்ன இடத்தில் பிஎஃப், இஎஸ்ஐ இருக்காது. அதனால் லாரி இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா, டிரைவருக்கான காப்பு அதில் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்திலும் பதிந்துகொள்ளுங்கள்.

மனைவி சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். கைக்குழந்தையோடு வாரக் கடைசி முழுக்கத் தனியாக இருக்கப்போவது அவர்தான். எத்தனை ஞாயிறு வீட்டில் இருப்பீர்கள் என்று அவரிடம் முதலில் பேசுங்கள். பிறகு அந்த எண்ணிக்கையோடு முதலாளியிடம் போங்கள். அவர் ஹால்ட் பேட்டாவும் மாற்று விடுப்பும் தருவதாகச் சொன்னால், ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு சேருங்கள். இரண்டுமே முடியாது என்றால் நெல் லோடிலேயே இருங்கள். ஹசார்டஸ் பயிற்சியை மட்டும் முடித்து வையுங்கள், வேறு டேங்கர் முதலாளி கூப்பிடும்போது கைகொடுக்கும்.