கேள்வி – பதில்: பிடிக்கத் தெரிந்த புரதங்கள்

கேள்வி: முடக்குவாதத்துக்காக என் தாயாருக்கு இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அடாலிமுமாப் ஊசி போடுகிறோம். உடலில் ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதம் இது என்றார் மருத்துவர். ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு நடுவே ஒன்றை மட்டும் பிடிக்கும் புரதத்தை எப்படிச் செய்கிறார்கள்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: செய்கிறார்கள் என்பதைவிடத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதே பொருந்தும். இந்த மருந்து பிடிப்பது டி.என்.எஃப். ஆல்ஃபா என்னும் புரதத்தை. மூட்டு அழற்சியைத் தூண்டுவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியை, அதாவது அந்நியப் பொருளைப் பிடிக்க உடல் உண்டாக்கும் புரதத்தை, எலியிடமிருந்து பெறலாம். ஆனால் எலியின் புரதத்தை நம் உடல் அந்நியமாகக் கருதி எதிர்க்கும். மனிதப் புரதமாகவே பெறுவதற்கு வழி திறந்தது, அமெரிக்க அறிவியலாளர் ஜார்ஜ் ஸ்மித் 1985-ல் வெளியிட்ட முறை. பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் என்ற இழை போன்ற வைரஸின் உறைப் புரத மரபணுவோடு நமக்கு வேண்டிய மரபணுவை இணைத்துவிட்டால், அதற்குரிய புரதம் வைரஸின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மரபணு உள்ளே இருக்கும். எது பிடித்தது என்று தெரிந்த கணமே அதை மறுபடி ஆக்கும் குறிப்பும் கைக்கு வந்துவிடுகிறது. முறையின் உயிரே இந்தப் பிணைப்புதான். கேம்பிரிட்ஜில் கிரிகோரி வின்டர் இதை ஆன்டிபாடிகளுக்குக் கொண்டுவந்தார். இருவரும் 2018-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

கோடிக்கணக்கான வெவ்வேறு ஆன்டிபாடித் துண்டுகளைத் தாங்கிய ஃபேஜ்களை, இலக்குப் புரதம் படிந்த சிறு பிளாஸ்டிக் குழியில் ஊற்றிக் கழுவுவார்கள். அரிசியில் கல் அரிப்பதைப் போன்ற பொறுமையான வேலை இது. ஒட்டாதவை கழுவுநீரோடு போகும். ஒட்டியவற்றை அமிலக் கரைசலால் பெயர்த்தெடுத்து, பாக்டீரியாவில் பெருக்கி, மறுபடியும் குழியில் ஊற்றி, இம்முறை இன்னும் கடுமையாகக் கழுவுவார்கள். மூன்று நான்கு சுற்றுகளில் நன்றாகப் பிடிப்பவை மேலோங்கிவிடும்.

'ஒன்றை மட்டும்' என்று கேட்டீர்களே, அதற்கான விடை கழிப்பதில்தான் இருக்கிறது. ஒட்டியவற்றில் சில உண்மையில் பிளாஸ்டிக்கையே பிடித்திருக்கும். சில எந்தப் புரதத்தோடும் ஒட்டும். ஆகவே வெறுங்குழியிலும், இலக்கை ஒத்த வேறு புரதங்களின் மேலும் கலவையை முதலில் ஊற்றி, அங்கே ஒட்டுபவற்றை விலக்குவார்கள். இறுகப் பிடிப்பதைவிட, வேண்டாததைப் பிடிக்காதிருப்பதே அரிய குணம் என்பேன். இந்த ஃபேஜ் முறையின் வழியே உருவான அடாலிமுமாப் 2002 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

கேள்வி: இப்போது கணினியிலேயே இத்தகைய புரதங்களை வடிவமைத்துவிட முடியாதா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: முடிகிறது. இயற்கையில் இல்லாத வடிவம் கொண்ட, 93 அமினோ அமிலங்களாலான டாப்7 என்ற புரதத்தை அமெரிக்க அறிவியலாளர் டேவிட் பேக்கரின் குழு 2003-ல் வெளியிட்டது. 2024 வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. இலக்கின் மேடுபள்ளத்துக்கு ஏற்றபடி பிடிக்கும் புரதங்களையும் இன்று கணினி வரைந்து தருகிறது. ஆயினும் வரைந்தவற்றுள் பல பிடிப்பதில்லை. ஆய்வகத்தில் உண்டாக்கி, இலக்கோடு சேர்த்துப் பார்த்தே ஆகவேண்டும்.

கேள்வி: ஒன்றை மட்டும் பிடிக்கும் மருந்து என்றால், டி.என்.எஃப். ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை எதற்கு?
– வாசகர், திருச்சி

பதில்: ஒன்றைப் பிடிப்பது வேறு, ஒரே விளைவைத் தருவது வேறு. உடலில் உறங்கிக்கிடக்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி நோயெதிர்ப்பு அணுக்கள் எழுப்பும் அரண் குலையாமல் நிற்பதற்கும் இதே டி.என்.எஃப். தேவை. மருந்து அதைக் கட்டிப்போடும்போது அரண் தளர்ந்து கிருமி விழித்துக்கொள்ளலாம். அறிகுறியே இல்லாமல் இக்கிருமியைச் சுமப்பவர்கள் நம் நாட்டில் ஏராளம் என்பதால், பரிசோதனையை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். சிகிச்சை நடக்கும்போது நீடித்த இருமலோ, மாலைக் காய்ச்சலோ, எடைக் குறைவோ தென்பட்டால், அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.