ஒரு கப்பலோடு பிரிந்த நாடு

கேள்வி: பசிபிக் கடலில் துவாலு என்று ஒரு நாடு, மொத்தமே 11 ஆயிரம் பேர்தானாம். ஒரு பேரூராட்சிக்குக்கூடக் காணாத கூட்டத்துக்குப் பிரதமர், பார்லிமென்ட், ஐ.நா.வில் ஓட்டு எல்லாம் எதற்கு? எப்படியும் மூழ்கப்போகிற இடம்தானே, பக்கத்து நாட்டோடு சேர்ந்துவிட்டால் என்ன?

பதில்: சேர்ந்துதான் சார் இருந்தார்கள். சேர்த்து வைத்தது பிரிட்டிஷ்காரர்கள். அப்போது அதற்குப் பெயர் எல்லிஸ் தீவுகள், பக்கத்தில் கில்பர்ட் தீவுகள், அதாவது இன்றைய கிரிபாஸ். எல்லிஸ்காரர்கள் பாலினீசியர்கள், கில்பர்ட்காரர்கள் மைக்ரோனீசியர்கள், இனமும் வேறு, பேச்சும் வேறு (நூயி என்ற ஒரு தீவில் மட்டும் கில்பர்ட் பேச்சு, அது தனிக்கதை). நிர்வாக வசதிக்காக இரண்டையும் ஒரே காலனியாகக் கட்டி வைத்திருந்தார்கள். 1974-ல் பிரிவதா வேண்டாமா என்று ஓட்டெடுப்பு வந்தபோது லண்டன் போட்ட கணக்கைப் பாருங்கள்: பிரிந்து போனால் ஒரே ஒரு கப்பல் தருவோம், அதே காலனியில் இருந்த பனாபா தீவின் பாஸ்பேட் (உரத்துக்கான தாது) வருமானத்தில் சல்லிக்காசு கிடையாது. இதைத் தெரிந்துகொண்டுதான் 3,799 பேர் பிரிவோம் என்று போட்டார்கள், வேண்டாம் என்றவர்கள் 293. கப்பலை வாங்கிக்கொண்டு போனார்கள். 1978 அக்டோபர் 1-ல் சுதந்திரம்.

பார்லிமென்ட் எதற்கு என்கிறீர்கள். 16 உறுப்பினர்கள், கட்சி என்று ஒன்றுகூடக் கிடையாது. எட்டுத் தீவுக்கு ஆளுக்கு இரண்டு இடம், ஒன்பதாவதான நியுலாகிட்டா குட்டித் தீவு, நியுட்டாவோ தீவோடு சேர்த்தி. துவாலு என்ற பெயருக்கே 'எட்டுப் பேர் சேர்ந்து நிற்பது' என்றுதான் பொருள். 2024 ஜனவரி தேர்தலில் பிரதமர் கௌசியா நடானோ சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் கடல் கொந்தளிப்பு, வெளித்தீவு உறுப்பினர்கள் தலைநகர் ஃபுனாஃபுட்டிக்கு வந்து சேர முடியவில்லை, படகுக்காக நாடே காத்திருந்து பிறகுதான் ஃபெலெட்டி டியோ போட்டியின்றிப் பிரதமரானார். இத்தனை தண்ணீருக்கு நடுவில் சிதறிக் கிடப்பவர்களுக்கு பிஜியின் தலைநகர் சுவாவிலோ ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலோ உட்கார்ந்துகொண்டு யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்?

ஐ.நா. இடமும் சும்மா வரவில்லை. இன்டர்நெட் முகவரியில் 'டாட் டிவி' என்று வருகிறதே, அது துவாலுவுக்கு ஒதுக்கிய எழுத்து. அதைக் குத்தகைக்கு விட்ட பணம் கைகொடுத்துத்தான் 2000-ல் உறுப்பினரானார்கள்.

ஃபுனாஃபுட்டி எவ்வளவு ஒல்லி என்று புரிய வேண்டுமானால் விமான ஓடுபாதையைப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் போட்டது. விமானம் எப்போதோ ஒன்று, மற்ற நேரமெல்லாம் அதுதான் ஊர் மைதானம். சாயங்காலமானால் வாலிபால், பந்தாட்டம், புழுக்கமான ராத்திரியில் பாய் விரித்துப் படுப்பவர்களும் உண்டு. சைரன் ஊதினால் எல்லாரும் ஓரமாக விலகிக்கொள்வார்கள், விமானம் இறங்கிய பிறகு ஆட்டம் தொடரும்.

சரி, மூழ்கும் விஷயம். நாளைக் காலையில் முங்கிப்போகிற மாதிரி பேசுவதும் தப்பு. அலை கொண்டுவந்து சேர்க்கும் பவளத்தூளால் பல தீவுகளின் பரப்பு கொஞ்சம் கூடியே இருக்கிறது என்று 2018-ல் வந்த ஒரு ஆய்வு சொன்னது. ஆனால் பரப்பு கூடி என்ன, கடல் ஏற்றம் பெரிதாக வரும் மாதங்களில் உப்புத்தண்ணீர் கரையைத் தாண்டி வருவதோடு நிற்காமல் நிலத்துக்கு அடியிலிருந்தே கொப்பளித்து வருகிறது. குழி வெட்டிப் பயிரிடும் புலாகா கிழங்கு (நம்ம சேம்பின் பெரிய தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்) அதில் அழுகிவிடும். ஆறு கிடையாது, குடிக்கக் கூரையில் பிடிக்கும் மழைத்தண்ணீர்தான்.

உங்கள் பக்கம் பேச ஒரு விஷயம் இருக்கிறது, நீங்கள் கேட்காமல் விட்டுவிட்டீர்கள். ஆஸ்திரேலியாவோடு 2023-ல் போட்ட ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 280 பேர் அங்கே குடியேறலாம். 2025-ல் முதல் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்தவர்களைக் குடும்பத்தோடு எண்ணினால் 8,750 பேர். நாட்டில் முக்கால்வாசிக்கு மேல்! பார்த்தீர்களா, அவர்களே கிளம்பிவிட்டார்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே ஜனங்களின் பார்லிமென்ட்தான் 2023-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, நிலம் போனாலும் துவாலு என்ற அரசு என்றென்றும் இருக்கும் என்று எழுதிவைத்தது. பிள்ளைகளை வெளியூர் அனுப்பிவிட்டுப் பூர்வீக வீட்டுப் பத்திரத்தை பீரோவில் பூட்டி வைத்திருக்கிறவரிடம் போய், அதையும் பக்கத்து வீட்டுக்காரர் பேருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்களேன் என்று நீங்கள் சொல்வீர்களா?