பயமுறுத்துகிறவரே பங்கும் விற்கிறார்

கேள்வி: செயற்கை நுண்ணறிவு மனித குலத்தையே அழித்துவிடலாம் என்று அதைத் தயாரிக்கிற முதலாளிகளே எச்சரிக்கிறார்கள். நம் தலைவர்களோ, 2030க்குள் மலேசியா ‘செயற்கை நுண்ணறிவு நாடு’ ஆகிவிடும் என்கிறார்கள். ஆசிரியர் ஐயா, யாரை நம்புவது? அப்படியே, உங்கள் பதில் பக்கத்தையும் அந்த இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டால் என்ன?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். தாராளமாக ஒப்படைக்கலாம். ஆனால் அந்த இயந்திரம் யார் மனமும் நோகாமல் பதில் சொல்லும் பழக்கமுடையது. உங்களைப் போன்றவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே யார் மனம் நோகிறது என்று பார்ப்பதற்குத்தானே!

முதலாளிகளின் எச்சரிக்கைக்கு வருவோம். 2023 மே மாதம் ஒற்றை வாக்கிய அறிக்கை ஒன்று வந்தது. செயற்கை நுண்ணறிவால் மனித இனம் அழியும் ஆபத்தைக் குறைப்பதை, பெருந்தொற்றுக்கும் அணு ஆயுதப் போருக்கும் நிகராக உலகம் கருத வேண்டும் என்பது அதன் சாரம். கையெழுத்திட்டவர்களில் சாட்ஜிபிடியைத் தயாரித்த ஓப்பன்ஏஐயின் சாம் ஆல்ட்மன், கூகுள் டீப்மைண்டின் டெமிஸ் ஹசாபிஸ், ஆந்த்ரோபிக்கின் டாரியோ அமோடெய் எல்லோரும் இருந்தார்கள். மனித இனத்தின் முடிவைப் பற்றிக் கவலைப்பட்டுக் கையெழுத்திட்ட இவர்களில் ஒருவர்கூடத் தம் கடையைச் சாத்தவில்லை. பேனாவை மூடிவிட்டு, இயந்திரத்தின் மூளையான அடுத்த ‘மாடலை’ப் பெரிதாக்கும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

இதில் ஒரு வியாபார நுட்பம் இருக்கிறது. ‘எங்கள் சரக்கு உலகத்தையே அழிக்கும் வல்லமை கொண்டது’ என்பதைவிடப் பெரிய விளம்பரம் ஏது? சாதாரண மனிதனுக்கு அது பயம். முதலீட்டாளருக்கு அது வாய்ப்பு. அதே மாதம் ஆல்ட்மன் அமெரிக்க செனட் குழுவின் முன் அமர்ந்து, ‘எங்களைக் கட்டுப்படுத்துங்கள், உரிமம் வையுங்கள்’ என்று கேட்டாரே, அந்தப் பெருந்தன்மையையும் சற்று உரசிப் பாருங்கள். உரிமம் வந்தால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் சௌகரியமாக உட்கார்ந்துகொள்வார். பிறகு வருகிறவன்தான் வாசலில் நிற்க வேண்டும்.

ஈலோன் மஸ்க் இன்னும் ஒரு படி மேல். 2023 மார்ச்சில், ஆறு மாதத்துக்கு எல்லோரும் பெரிய மாடல்களை நிறுத்தி வையுங்கள் என்று கோரிய கடிதத்தில் அவர் பெயரும் இருந்தது. ஜூலையில் எக்ஸ்ஏஐ என்ற சொந்த நிறுவனத்தை அறிவித்தார். அந்த நிறுவனம் நெவாடாவில் பதிவானது எப்போது என்று பார்த்தால், அதே மார்ச்சில், கடிதம் வெளிவருவதற்கு முன்பே! அங்கே பிறந்த குரோக் என்ற உரையாடல் இயந்திரம், பெண்களின் படங்களை ஆபாசமாக மாற்றிக் கொடுக்கிறது என்பதால்தான் 2026 ஜனவரியில் இந்தோனேசியாவும் நாமும் அதைத் தற்காலிகமாக முடக்க வேண்டியிருந்தது. மனித குலத்தைக் காக்கக் கிளம்பியவரின் இயந்திரம் முதலில் பெண்களின் மானத்தில்தான் கை வைத்தது.

அரசியலும் இவர்களும் எப்படி ஒட்டிக்கொண்டார்கள் என்பதை 2025 ஜனவரி 20 அன்று உலகமே பார்த்தது. டிரம்ப் பதவியேற்ற மண்டபத்தில் ஃபேஸ்புக்கின் ஜக்கர்பெர்க், அமேசானின் பெசோஸ், கூகுளின் பிச்சை, மஸ்க் எல்லோரும் வருங்கால அமைச்சர்களுக்கே முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் வெள்ளை மாளிகையில் செயற்கை நுண்ணறிவுக்குத் தரவு மையங்கள் கட்ட ஓப்பன்ஏஐயும் கூட்டாளிகளும் சேர்ந்த 50,000 கோடி டாலர் ‘ஸ்டார்கேட்’ திட்டம் அறிவிக்கப்பட்டது. ‘அவர்களிடம் அவ்வளவு பணமே இல்லை’ என்று உடனே எழுதியவர் வேறு யாருமில்லை, மஸ்க்தான். ஜூன் மாதம் அவரும் டிரம்பும் ஊரறியத் திட்டிக்கொண்டார்கள். பெட்டாலிங் ஜெயா ஹோட்டல் ஒன்றில் கூடிய கூட்டம் ஆட்சியையே கவிழ்த்ததை 2020இல் பார்த்த நமக்கு, இந்த நாடகம் சுமார்தான்.

இனி நம் தலைவர்கள். 1996இல் மகாதீர், மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்ற தொழில்நுட்ப வட்டாரத்தைத் தொடங்கினார். ஆலோசனைக் குழுவில் பில் கேட்ஸ்கூட இருந்தார். சைபர்ஜெயா எழுந்தது. சிலிக்கன் பள்ளத்தாக்கு மட்டும் இன்னும் கலிபோர்னியாவிலேயே இருக்கிறது. இப்போது 2024 மே மாதம் மைக்ரோசாஃப்டின் சத்யா நாதெல்லா கோலாலம்பூருக்கு வந்து 220 கோடி டாலர் முதலீடு என்றார். டிசம்பரில் தேசிய செயற்கை நுண்ணறிவு அலுவலகம் திறந்தாயிற்று. 13ஆவது மலேசியத் திட்டம் 2030 என்று நாள் குறித்திருக்கிறது. 2020க்குள் வளர்ந்த நாடு என்ற தூரநோக்கைக் கண்டு வளர்ந்த தலைமுறைக்கு, பத்தால் வகுபடும் ஆண்டு எதைக் கேட்டாலும் கொஞ்சம் உதறத்தான் செய்யும்.

பினாங்குக்காரர்களுக்கு ஒரு கூடுதல் எரிச்சல் உண்டு. 1972இல் இன்டெல் பாயான் லெப்பாசுக்கு வந்ததிலிருந்து, விடியுமுன் ஃபாக்டரி பஸ் ஏறிய நம் வீட்டுப் பெண்கள் உருப்பெருக்கியில் கண் பதித்துக் கணினிச் சில்லுகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். உலகச் சில்லுகளைப் பொதியிட்டுச் சோதிக்கும் வேலையில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில்தான் நடக்கிறது என்கிறார்கள். அரை நூற்றாண்டு அனுபவம் இங்கே கிடக்க, எங்கிருந்தோ வந்து ஒருவர் மேடையேறி ‘எதிர்காலம் வந்துவிட்டது’ என்றால் நாம் கைதட்ட வேண்டுமாம்!

ஆகவே நண்பரே, பயமுறுத்துகிறவரையும் நம்ப வேண்டாம், கனவு காட்டுகிறவரையும் நம்ப வேண்டாம். உங்கள் வீட்டுக் குழாயை நம்புங்கள். செயற்கை நுண்ணறிவு ஓடுவது தரவு மையங்கள் எனும் கணினிக் கிடங்குகளில். அவற்றைக் கட்டுவதற்குத்தான் ஆட்கள் நிறையத் தேவை. கட்டி முடித்தபின் சிலர் போதும். ஆனால் மின்சாரமும் தண்ணீரும் இரவு பகலாக வேண்டும். நமக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி மூடா ஆற்றுத் தண்ணீர். அதற்குக் காசு கேட்டுக் கெடா மந்திரி பெசார் வாசலில் நிற்கிறார். 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் வேலைக்காகத் தண்ணீர் நான்கு நாள் தடைபட்டதே, பட்டர்வொர்த்துக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த தேர்தலில் வேட்பாளர் உங்கள் தாமானுக்கு வந்து செயற்கை நுண்ணறிவு என்று ஆரம்பித்தால், தரவு மையத்துக்குத் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து, என்ன விலைக்கு, இந்தத் தொகுதிப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு வேலை என்று கேளுங்கள். கையிலிருக்கும் உரையைப் புரட்டிப் பதில் தேடுவார். அதை எழுதிக் கொடுத்தது மனிதனா இயந்திரமா என்று அப்போது நீங்களே கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.