மகளுக்கு நெட்வொர்க்கிங் வேலை: முதலில் எந்தச் சான்றிதழ்?

படிப்பு முடிவதற்குள் நெட்வொர்க் பிளஸ், சிசிஎன்ஏ, கிளவுட் நெட்வொர்க்கிங் என்று மூன்று சான்றிதழ்களையும் வாங்கிவிட உங்கள் மகள் நினைப்பதாகச் சொல்லி, எதை முதலில் எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு ஒன்று போதும். அதை ஆழமாகப் படிக்கட்டும்.

ரூட்டர் (நெட்வொர்க்குகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவி), சுவிட்ச் (ஒரே நெட்வொர்க்கின் கணினிகளை இணைக்கும் கருவி) வேலைதான் குறி என்றால், அந்த ஒன்று இக்கருவிகளைத் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ. காம்ப்டியா என்ற சான்றிதழ் அமைப்பின் நெட்வொர்க் பிளஸ் எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராதது. ஹெல்ப் டெஸ்க், டெஸ்க்டாப் சப்போர்ட் வழியாக நுழைபவருக்கு நல்ல அடித்தளம். ஆனால் சிசிஎன்ஏ எழுதப்போகிறவர் அதையும் எழுதினால், பெரும்பாலும் அதே பாடத்துக்கு இரண்டாவது முறை கட்டணம் கட்டுகிறார். ஜூனிப்பர் கருவிகள் ஓடும் நிறுவனத்தைக் குறிவைத்தால் மட்டும் ஜூனிப்பரின் தொடக்கநிலைச் சான்றிதழான ஜேஎன்சிஐஏ. கிளவுட் பிறகு வரட்டும்; அங்கேயும் சப்நெட் (பெரிய நெட்வொர்க்கின் சிறு பிரிவு), ரூட் டேபிள் (தரவு போகும் வழிகளின் பட்டியல்) தெரியாமல் ஓர் அடி நகர முடியாது.

சிசிஎன்ஏ தேர்வின் எண் 200-301, நேரம் 120 நிமிடம். முன்தகுதி கேட்பதில்லை. பாடத்திட்டத்தில் ஐபி கனெக்டிவிட்டிக்கு (ரூட்டிங், அதாவது தரவுக்கு வழிகாட்டுவது) மட்டும் 25 விழுக்காடு; அடிப்படைகளுக்கும் நெட்வொர்க் அக்சஸுக்கும் (சுவிட்ச் பகுதி) தலா 20; பாதுகாப்புக்கு 15; ஐபி சர்வீசஸ், ஆட்டோமேஷன் தலா 10. படிக்கும் நேரத்தையும் இதே கணக்கில் பிரிக்கச் சொல்லுங்கள். ஆட்டோமேஷன் புதிதாகத் தெரிவதால் பலர் அதிலேயே வாரக்கணக்கில் மூழ்கி, ரூட்டிங்கைக் கோட்டைவிடுகிறார்கள்.

பலர் சறுக்கும் இடம் சப்நெட்டிங், அதாவது ஐபி முகவரிகளை (கணினிகளின் நெட்வொர்க் எண்களை) சிறு பிரிவுகளாகப் பிரிக்கும் கணக்கு. 172.16.45.200/20 என்று கொடுத்தால், தாளில்லாமல் அரை நிமிடத்தில் அந்தப் பிரிவின் முதல் முகவரியான நெட்வொர்க் 172.16.32.0, எல்லாருக்கும் அனுப்பும் கடைசி முகவரியான பிராட்காஸ்ட் 172.16.47.255 என்று சொல்ல வேண்டும். (/20 என்றால் முகவரியின் முதல் 20 பிட் நெட்வொர்க்குக்கு; அதனால் பிரிவுகள் மூன்றாம் எண்ணில் 16, 16 ஆகத் தாவும், 45 விழுவது 32க்கும் 47க்கும் நடுவில்.) தினம் பத்துக் கணக்கு போட்டால் ஒரு மாதத்தில் கை பழகிவிடும். இந்த வேகம் இல்லாதவருக்குத் தேர்வில் நேரம் போதாது. ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போய்த் திருத்தவும் முடியாது.

அடுத்தது லேப், அதாவது செய்முறைப் பயிற்சி. நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டிப் பார்க்க உதவும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். இரண்டு ரூட்டர், இரண்டு சுவிட்ச், நான்கு கணினி வைத்து விலான் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனிக் குழுக்கள்) 10, 20 உருவாக்கி, டிரங்க் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு) போட்டு, ரூட்டர்களுக்கிடையே ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை) ஓடவிடட்டும். எல்லாம் வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் உண்மையான படிப்பு ஆரம்பம்: அதை வேண்டுமென்றே உடைக்க வேண்டும். டிரங்கில் அனுமதித்த பட்டியலிலிருந்து விலான் 20ஐ எடுத்தால், விலான் 10 ஓடும், 20 சுவிட்சைத் தாண்டாது. ஓஎஸ்பிஎஃப்பில் ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று 'இருக்கிறேன்' என்று சொல்லும் ஹலோ இடைவெளியை ஒரு ரூட்டரில் மட்டும் 10 நொடியிலிருந்து 5 ஆக்கினால், அவற்றின் நெய்பர் (அண்டை) உறவு ஒரு நிமிடத்துக்குள் அறுந்துவிடும். கேபிளில் குறையே இருக்காது. பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) மட்டும் போகாது. காரணத்தை, கருவியின் நிலையைக் காட்டும் ஷோ கட்டளைகளை வைத்தே அவள் கண்டுபிடிக்க வேண்டும். நேர்காணலிலும் இதைத்தான் கேட்பார்கள்: "ஒரே விலானில் இரண்டு கணினி, பிங் போகவில்லை, எங்கே தொடங்குவாய்?"

'பாஸ் உறுதி' என்று வினா-விடைத் தொகுப்பு விற்பவர்களிடம் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். பிடிபட்டால் சிஸ்கோ முடிவை ரத்துசெய்யும், மறுபடி எழுதத் தடையும் போடலாம். பிடிபடாவிட்டாலும் மேலே சொன்ன அந்த நேர்காணல் கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். பயிற்சி மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், வாரத்தில் எத்தனை மணி நேரம் லேப், பழுது கண்டறியும் பயிற்சி உண்டா என்று முதலில் கேளுங்கள்.

சான்றிதழ் மூன்று ஆண்டுதான் செல்லும். அதனால் வேலை தேடத் தொடங்கும் நேரத்துக்குச் சில மாதம் முன்பாக எழுதுவது நல்லது. முதலாம் ஆண்டிலேயே எழுதினால் நல்ல காலம் கல்லூரியிலேயே கரைந்துவிடும். வேலையில் சேர்ந்தபின், அடுத்த நிலைச் சான்றிதழான சிசிஎன்பி எண்டர்பிரைஸின் மையத் தேர்வான 350-401ஐ, காலாவதிக்கு முன் தேறினால் சிசிஎன்ஏவும் தானாகப் புதுப்பிக்கப்படும். அதோடு 300-410 போன்ற ஒரு சிறப்புத் தேர்வையும் முடித்தால் சிசிஎன்பி கையில் இருக்கும்.

தேர்வுத் தேதியை இப்போதே பதிவுசெய்ய வேண்டாம். வெற்றுத் திரையிலிருந்து அந்த லேபைக் குறிப்பு பார்க்காமல் ஒரு மணி நேரத்தில் கட்டி முடிக்கிறாளா, நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முடித்த வாரம் பதிவுசெய்யுங்கள்.