மாதவிடாய் நின்ற பிறகும் ஹார்மோன் மாத்திரை எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. மாதவிடாய் நின்று பத்து வருடமாகிறது. மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு ரிப்போர்ட்டில் ‘ஈ.ஆர். பாசிட்டிவ், பி.ஆர். பாசிட்டிவ்’ என்று வந்ததால் லெட்ரோசோல் கொடுத்திருக்கிறார்கள். காலையில் விரல்களை மடக்க முடியவில்லை, முழங்காலும் வலிக்கிறது. “நின்றுபோன ஹார்மோனுக்கு மாத்திரை எதுக்கு?” என்று நிறுத்தப் பார்க்கிறார். நிறுத்தலாமா?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: தயவுசெய்து நிறுத்த விடாதீர்கள். அம்மா கேட்டது நியாயமான கேள்வி, அவருக்குச் சரியான பதில் கிடைக்க வேண்டும்.

மாதவிடாய் நின்றதும் சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரப்பது நின்றுவிடுகிறது. ஆனால் சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன்களை, கொழுப்பிலும் தசையிலும் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டேதான் இருக்கும். அளவு கொஞ்சம்தான். புற்று செல்லுக்கு அதுவே போதும்.

ஈ.ஆர். என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, செல்லின் உட்கருவில் இருக்கும் ஒரு புரதம். ஹார்மோன் ஒட்டியதும் இரண்டிரண்டாகச் சேர்ந்து டி.என்.ஏ.வில் உட்கார்ந்து சில மரபணுக்களை இயக்கும். வேலை முடிந்த ஏற்பியைச் செல்லே சிதைத்துவிடும். ஆரோக்கியமான மார்பகத்தில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஏற்பி உள்ள செல்கள் பெரும்பாலும் தாம் பெருகுவதில்லை, பக்கத்துச் செல்களுக்குத் தகவல் அனுப்புவதோடு சரி. புற்றில் இந்த ஒழுங்கு குலைந்து, ஏற்பி உள்ள செல்லே பெருகத் தொடங்குகிறது.

பி.ஆர்., அதாவது புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் தூண்டுதலால் உருவாவது. அதுவும் பாசிட்டிவ் என்றால் ஈ.ஆர். பெயருக்கு இல்லாமல் உண்மையாகவே வேலை செய்கிறது, ஹார்மோன் சிகிச்சை பலன் தரும் வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

லெட்ரோசோல் அரோமட்டேஸைத் தடுத்து அந்தக் கொஞ்ச ஈஸ்ட்ரோஜனையும் குறைக்கிறது. வழக்கமாக 5 வருடம் சாப்பிட வேண்டியிருக்கும். மூட்டு வலி இதில் மிகச் சாதாரணம், அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். தினமும் நடந்தால் பலருக்குக் குறைகிறது. குறையாவிட்டால் டாக்டர் இதே வகை மருந்தான அனாஸ்ட்ரோசோலுக்கு மாற்றுவார், அல்லது ஏற்பியையே மறிக்கும் டாமோக்சிஃபென் தருவார். டாமோக்சிஃபென் மார்பகத்தில் தடுப்பதைக் கர்ப்பப்பையில் தூண்டும். அதனால் அதைச் சாப்பிடும்போது ரத்தப்போக்கு கொஞ்சம் தெரிந்தாலும் உடனே சொல்லுங்கள்.

எலும்பைக் காப்பதும் ஈஸ்ட்ரோஜன்தான் என்பதால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி பற்றியும் கேளுங்கள். ஓ.பி. கூட்டத்தில் பல அம்மாக்கள் வலியைச் சொல்லாமலே திரும்பிவிடுவது எனக்கு மிகவும் வருத்தம். அம்மாவுக்கு இந்தி சரளமாக வராது என்றால் அடுத்த தடவை நீங்களும் கூடப் போங்கள். காலையில் விரல் இறுக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை ஒரு வாரம் எழுதிவைத்துக் காட்டுங்கள்.