தூணுக்கு அடியில் இருப்பது யார் நிலம்?

போன ஞாயிறு பெங்களூர் அல்சூரில் நம்மவர்கள் கூடியபோது, ஊருக்குள் ஓடிய பெரிய சாலைகளையும் மேம்பாலங்களையும் இடித்துத் தள்ளிய நகரங்களைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரலாம் என்றார்கள். ஒரு பிஸ்கட் டப்பா நிறைந்துவிட்டது. அன்றைக்கு நேரம் போதவில்லை, அதனால் வீட்டில் உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறேன். நான் முப்பது வருஷத்துக்கு மேல் பாலம் கட்டியவன். அரசியல் எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே அரசியல்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்திராநகர்: சாலையை இடித்தால் அதில் போன வண்டிகளெல்லாம் எங்கே போகும்? பக்கத்துத் தெரு திணறாதா?

இதைக் கேட்காத ஊர் கிடையாது. நியூயார்க்கில் நடந்ததைச் சொல்கிறேன். 1973 டிசம்பரில், மேற்குக் கரையோரம் ஓடிய உயர்சாலை ஒன்றில் ஓட்டை விழுந்து ஒரு லாரி கீழே இறங்கிவிட்டது. அந்த லாரி ஏற்றி வந்தது அதே சாலையைப் பழுதுபார்க்கத் தார்க்கலவை! சாலையை மூடினார்கள். வண்டிகள் பக்கத்துத் தெருக்களை அடைத்துக்கொள்ளும் என்று எல்லோரும் பயந்தார்கள். எண்ணிப் பார்த்தபோது கணிசமான வண்டிகளை எந்தத் தெருவிலும் காணோம். சிலர் ரயிலுக்குப் போனார்கள், சிலர் வேறு நேரத்தில் கிளம்பினார்கள், சிலர் அந்தப் பயணமே தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக வெஸ்ட்வே என்று ஒரு பிரம்மாண்டத் திட்டம் போட்டு, வழக்குகளில் சிக்கி, 1985இல் கைவிட்டார்கள். இப்போது அங்கே சிக்னல் வைத்த சாதாரண அகலச் சாலை இருக்கிறது.

தண்ணீர் கணக்கு வேறு, வண்டிக் கணக்கு வேறு. குழாயை அடைத்தால் தண்ணீர் வேறு பக்கம் பீறிடும். வண்டிக்குள் இருப்பவன் மனுஷன், யோசித்து முடிவெடுப்பான். புதுச் சாலை ஒன்றைச் சேர்ப்பதால் எல்லோருடைய பயண நேரமும் அதிகமாகவும் வாய்ப்பு உண்டு என்று டீட்ரிச் பிரேஸ் என்ற ஜெர்மன் கணித அறிஞர் 1968இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

ஆனால் ஒரு நிபந்தனை. பஸ்ஸோ ரயிலோ இல்லாத ஊரில் இந்த மாயம் நடக்காது. தென்கொரியாவின் சோல் நகரத்தில் 2003இல் உயர்சாலையை இடிக்க ஆரம்பித்தவர்கள், 2004 ஜூலையில் பஸ் வழித்தடங்களையே மொத்தமாக மாற்றி, சாலை நடுவே பஸ்ஸுக்குத் தனித் தடம் போட்டார்கள். இடித்த படத்தை எல்லோரும் பகிர்கிறார்கள், பஸ் தடத்தின் படத்தை யாரும் பகிர்வதில்லை.

பி.டி.எம். லே-அவுட்: சில்க் போர்டு சந்திப்பில் நெரிசல் எப்போது தீரும்?

இன்றைய தலைப்பு அது இல்லை.

பீன்யா: எங்கள் பக்கத்து மேம்பாலத்தின் கேபிள்கள் துருப்பிடித்து மூடினார்களே, அதை ஏன் இடித்திருக்கக் கூடாது?

நல்ல கேள்வி, தப்பான பாலம். 2021 டிசம்பரில் மூடினார்கள். அப்புறம் லேசான வண்டிகளை விட்டார்கள். லாரிகளுக்கு 2024 வரை வழி இல்லை. முன்னழுத்தக் கேபிள் என்பது பாலத்தின் கான்கிரீட் உத்தரத்தை உள்ளிருந்து இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்பு. அதைச் சுற்றி ஊற்றும் சிமெண்டுப் பால் சரியாக நிரம்பவில்லை என்றால் ஈரம் புகும், வெளியே ஒரு விரிசல்கூடத் தெரியாது. பார்க்க ஜம்மென்று நிற்கும் பாலத்தைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன்.

இடிப்பதற்கு அது ஏன் தப்பான பாலம் என்றால், அது தேசிய நெடுஞ்சாலை. துமகூரு பக்கம் போகும் லாரிகளுக்கு முக்கிய வழி அதுதான். உலகத்தில் இடித்தவையெல்லாம் பெரும்பாலும் ஊரின் வயிற்றுக்குள் புகுந்து முடிந்துபோன கிளைகள், அல்லது வேறு வழி இருந்த சாலைகள்.

உங்கள் சீட்டில் ஒரு உண்மையும் இருக்கிறது. தலைவர்களின் துணிச்சலால் மட்டும் ஒரு சாலை இடிந்ததாக நான் அதிகம் பார்த்ததில்லை. பூகம்பம், துரு, பழுதுபார்க்கும் பில், இந்த மூன்றில் ஒன்று முதலில் வரும். சான்ஃபிரான்சிஸ்கோவில் எம்பார்கடெரோ என்ற கரையோர உயர்சாலை. 1986இல் வாக்கெடுப்பில் அதை இடிக்க வேண்டாம் என்றார்கள் மக்கள். 1989 அக்டோபரில் பூகம்பம் வந்தது. 1991இல் இடித்தார்கள்.

ஜெயநகர், கட்டடக்கலை மாணவி: சோலில் சாலையை எடுத்து ஓடையை மீட்டதுபோல நம் ராஜகால்வாய்களை, அதாவது மழைநீர் ஓடும் பெரிய கால்வாய்களை, மீட்க முடியாதா?

ச்சொங்யேச்சொன் ஓடை. 5.8 கிலோமீட்டர். ஓடையை மூடித் தளம் போட்டு, அதன் மேல் உயர்சாலை கட்டி, அப்புறம் எல்லாவற்றையும் பெயர்த்து 2005இல் திறந்துவிட்டார்கள். செய்த மேயர் லீ மியுங்-பாக் 2007 கடைசியில் ஜனாதிபதி தேர்தலில் ஜெயித்தார். மேயர்களுக்கெல்லாம் இந்தக் கதை பிடிப்பதற்குக் காரணம் ஓடை இல்லையம்மா, அந்த இரண்டாம் பாதி.

நீங்கள் படத்தில் பார்க்கும் தண்ணீர் பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து பம்ப் போட்டு ஏற்றியது. கரண்ட் போனால் ஓடை நிற்கும். அதற்காகத் திட்டமே மோசடி என்று சொல்ல மாட்டேன். வெயில் நாளில் அங்கே நடப்பவனுக்கு அது உண்மையான ஓடைதான். ஆனால் நம்மிடம் பிரச்சினை தலைகீழ். நம் ராஜகால்வாயில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது, எல்லாம் சாக்கடை. மெஜஸ்டிக்கிலிருந்து பெல்லந்தூர் பக்கம் போகும் கால்வாயைக் கே-100 என்று சீர்செய்ய ஆரம்பித்தார்களே, அதில் கல் பாவுவது லேசு. வீட்டு வீடாகச் சாக்கடை இணைப்பைத் தேடிப்பிடித்துத் திருப்புவதுதான் உயிர் போகும் வேலை. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டே தர்மாம்புதி ஏரியில் நிற்கிறது, கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரியில். எதை மீட்பது, எங்கிருந்து ஆரம்பிப்பது?

கம்ப்யூட்டரில் வரைந்த படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அதில் வரும் மரங்கள் எல்லாம் இருபது வயசு மரங்கள், வரும் மனிதர்கள் எல்லாம் பலூன் பிடித்திருப்பார்கள். படத்தை மடித்து வைத்துவிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: சாலையை எடுத்ததும் கிடைக்கும் நிலம் யாருடையது?

எச்.எஸ்.ஆர். லே-அவுட்: சில்க் போர்டு...

மேலே பார்க்கவும்.

சிவாஜிநகர், பாத்திரக்கடை: சாலையை இடி என்று பேசுகிறவர்கள் யாரும் கடை வைத்திருப்பதில்லை. எங்கள் தெருவை அழகாக்குகிறோம் என்று தோண்டிப் போட்டார்கள், தீபாவளி வியாபாரம் போனது. மறுபடி வந்து இன்னொரு தடவை தோண்டினார்கள். உங்களுக்கு என்ன, பென்ஷன் வருகிறது.

பென்ஷன் வருகிறது அண்ணாச்சி, ஒத்துக்கொள்கிறேன்.

உங்கள் சீட்டைத்தான் ரெண்டு தடவை படித்தேன். சான்ஃபிரான்சிஸ்கோவில் அந்தக் கரையோரச் சாலையின் இறங்குபாதை ஒன்று சைனா டவுன் ஓரத்தில்தான் வந்து இறங்கும். பூகம்பத்தில் சாலை மூடியதும் வெளியூர் வாடிக்கையாளர்கள் வரத்து நின்றது. கடைக்காரர்கள், இடிக்காதே, திரும்பக் கட்டு என்று மேயர் ஆர்ட் அக்னோஸை நெருக்கினார்கள். அவர் இடிக்கும் பக்கம் நின்றார். 1991 தேர்தலில் தோற்றார். கடைக்காரர்கள் கோபமும் அதற்கு ஒரு காரணம் என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

இதை அன்றைக்கே சுருக்கமாகச் சொன்னபோது வைட்ஃபீல்டு தம்பி ஒருவர் எழுந்து வாதாடினார். அவர் தந்த சீட்டு இதோ:

வைட்ஃபீல்டு: கடைக்காரர்கள் பயந்தது தவறு என்று காலம் காட்டிவிட்டதே! அந்தக் கரையில் இன்று டிராம் ஓடுகிறது, பழைய படகுத்துறைக் கட்டடம் புதுசாகிவிட்டது, நிலமதிப்பு எங்கேயோ போய்விட்டது.

தம்பி, நிலமதிப்பு ஏறியது யாருக்கு லாபம்? நிலம் வைத்திருந்தவனுக்கு. சைனா டவுன் கடைக்காரரில் வாடகைக்கு இருந்தவருக்கு மதிப்பு ஏறினால் வாடகை ஏறும், அவ்வளவுதான். ஊருக்கு மொத்தத்தில் நல்லதுதான் நடந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தச் சாலை ஒரு அசிங்கம். ஆனால் "ஊருக்கு" என்று சொல்லும்போது அண்ணாச்சியை அதில் சேர்த்துத்தான் சொல்கிறீர்களா? சைனா டவுனுக்குச் சுரங்க ரயில் தருகிறோம் என்று பேச்சு வந்தது அதற்கு ஈடாகத்தான். அந்த ரயில் ஓட 2022 ஆனது. முப்பது வருஷம் எந்தக் கடைக்காரர் காத்திருப்பார்?

சோலிலும் இதுதான். ஓடை ஓரத்து நடைபாதை வியாபாரிகளை ஒரு பழைய ஸ்டேடியத்துக்குள் மாற்றினார்கள். கொஞ்ச வருஷத்தில் அந்த ஸ்டேடியத்தையும் இடித்து, வளைவு வளைவாக ஒரு டிசைன் மாளிகை கட்டினார்கள். கடைக்காரர்களுக்கு ஊரின் தென்கிழக்குக் கோடியில் பெரிய வணிக வளாகம். விலை கட்டுப்படாமல் பலர் அங்கே போகவே இல்லை.

சிவாஜிநகர் அண்ணாச்சியின் இரண்டாம் சீட்டு: அப்போ இடிக்க வேண்டாம் என்றுதானே சொல்கிறீர்கள்?

இல்லை. எப்படி என்று கேளுங்கள். அதே சான்ஃபிரான்சிஸ்கோவில் இன்னொரு சாலை, சென்ட்ரல் ஃப்ரீவே. 1997இல் மக்கள் திரும்பக் கட்டு என்று ஓட்டுப் போட்டார்கள். 1998இல் வேண்டாம், மரம் வைத்த அகலச் சாலை போடு என்றார்கள். 1999இல் மறுபடி அதையே உறுதிசெய்தார்கள். மூன்று வருஷம், மூன்று ஓட்டு! 2005இல் ஆக்டேவியா சாலை திறந்தது. கவனிக்க வேண்டியது வேறு: சாலைக்கு அடியில் இருந்த துண்டு நிலங்கள் மாநிலத்திடமிருந்து நகரத்துக்குக் கைமாறின, அதில் ஒரு பங்கு குறைந்த வருமானக்காரர்களின் வீட்டுக்கு என்று முன்னாலேயே எழுதிக்கொண்டார்கள். அந்தப் பேட்டை ஹேய்ஸ் வேலியில் வாடகை அப்படியும் ஏறியது. ஆனால் எழுதிக்கொண்ட அந்த வீடுகளை யாராலும் பிடுங்க முடியவில்லை. கடப்பாறை எடுப்பதற்கு முன் கையெழுத்து. இதைத்தான் நீங்களும் கேட்க வேண்டும்: தோண்டும் மாதங்களுக்கு நஷ்டஈடு, வாடகைக்கு இருப்பவருக்கும் சேர்த்து, எழுத்தில். சி.எம்.எச். ரோடு கடைக்காரர்கள் மெட்ரோ வந்தபோது எதிர்த்து நின்றதைப் பலர் கேலி செய்தார்கள். நான் செய்யவில்லை.

ஹெப்பாள்: சுரங்கச் சாலை வந்தால் மேலே உள்ள மேம்பாலங்களை இடித்துவிடலாமே?

பாஸ்டன் அப்படித்தான் செய்தது. 1959இல் கட்டிய உயர்சாலையைப் பூமிக்குள் தள்ளினார்கள். முதலில் சொன்ன செலவு 280 கோடி டாலர், முடிந்தபோது 1,400 கோடிக்கு மேல். 2006இல் சுரங்கக் கூரைப் பலகை விழுந்து காரில் போன ஒரு பெண் இறந்தார். கூரையைப் பிடித்திருந்த ஆணிகளின் பசை காலப்போக்கில் இளகியிருந்தது. மேலே பூங்கா அழகாக இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

ஆனால் அவர்கள் மேலே எடுத்துக் கீழே வைத்தார்கள். ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை போடும் திட்டம், சுமார் 17 கிலோமீட்டர், 17,000 கோடி ரூபாய்க்கும் மேல் பேசுகிறார்கள். அதில் மேலே இருக்கும் எதையும் எடுப்பதாகப் பேச்சே இல்லை. அது கூடுதல் சாலை. சுரங்கத்திலிருந்து வண்டி வெளியே வந்துதானே ஆக வேண்டும்? லால்பாக் ஓரத்தில் வாயில் வைக்கிறோம் என்றதும் ஏன் அவ்வளவு எதிர்ப்பு வந்தது? கூடுதல் சாலையின் வாய் எப்போதும் யாரோ ஒருவர் வாசலில்தான் திறக்கும்.

கே.ஆர். புரம்: மேம்பாலம் பக்கத்தில் மூன்றாம் மாடி ஃப்ளாட் வாங்கலாமா?

வேண்டாம். மேம்பாலத்தில் வண்டி ஓடும் தளம் உங்கள் படுக்கையறை ஜன்னல் உயரத்துக்கு வரும்.

ஃப்ரேசர் டவுன்: பெங்களூரில் எதையாவது இடிப்பதாக இருந்தால் உங்கள் கை எதில் இருக்கும்?

சும்மா மாட்டிவிடப் பார்க்கிறீர்கள். நான் வேலை செய்த பாலங்களும் பட்டியலில் இருக்கின்றன.

ஒன்று சொல்கிறேன். இடிப்பதில் மிகச் சிக்கனம், கட்டுவதற்கு முன்னாலேயே இடிப்பது. 2016இல் சாளுக்கிய சர்க்கிள் பக்கத்திலிருந்து ஹெப்பாள் வரை 6.7 கிலோமீட்டர் ஸ்டீல் பாலம், 1,791 கோடி ரூபாய், 812 மரம் வெட்டுவார்கள் என்றார்கள். அந்த அக்டோபரில் ஜனங்கள் கைகோத்துச் சாலையோரம் நின்றார்கள். "பேடா" என்று கன்னடத்தில் எழுதிய அட்டை. பக்கத்தில் நின்ற நம்மவர் ஒருவர் வேண்டாம் என்று தமிழிலும் எழுதியிருந்தார். 2017 மார்ச்சில் கைவிட்டார்கள். இன்றைக்கு அதற்கு ஒரு தூண்கூட இல்லை, தூணுக்கும் பாலத்துக்கும் நடுவில் வைக்கும் பேரிங் ஒன்றை மாற்றும் செலவும் இல்லை. இன்னொரு பக்கம் ஈஜிபுரா மேம்பாலம்: 2017இல் தொடங்கி, கெடு மேல் கெடு தாண்டி, தூண்கள் மட்டும் வருஷக்கணக்கில் வானத்தைப் பார்த்து நின்றன. பாதி கட்டியதை இடிக்கவும் மனம் வராது, முடிக்கவும் காசு வராது. அரசியலில் மிகவும் பத்திரமான பாலம் அதுதான்.

எடுப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள் என்பதற்கு டெல்லியைப் பாருங்கள். 2008இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை பஸ்ஸுக்குத் தனித் தடம் போட்டார்கள், 5.8 கிலோமீட்டர். சோல் ஓடையின் அதே நீளம், தற்செயல்தான். கார்காரர்கள் சத்தம் போட்டார்கள், 2016இல் பெயர்த்தார்கள். அதாவது நம் நாட்டில் அரசு துணிந்து இடித்த பெரிய வழித்தடம் எது? பஸ்காரனுடையது.

மடிவாளா: சார், எல்லாம் சரி, சில்க் போர்டு...

சீட்டு டப்பாவில் இது ஒன்பதாவது. அடுத்த கூட்டத்துக்கு டிராபிக் போலீஸிலிருந்து யாரையாவது கூப்பிடச் சொல்லியிருக்கிறேன், அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சிவாஜிநகர், மூன்றாம் சீட்டு: நஷ்டஈடு எழுத்தில் வாங்கணும் என்கிறீர்கள். எந்த ஆபீசில், யாரிடம் கேட்பது?

தோண்டுவதற்கு முன் டெண்டர் ஆவணம் வரும். அதில் வேலை எத்தனை நாள், தாமதத்துக்குக் காண்ட்ராக்டர் கட்டும் அபராதம் எவ்வளவு என்று இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தப் பக்கங்களின் நகலைக் கேளுங்கள். மனு எழுத நான் வருகிறேன் அண்ணாச்சி. செவ்வாய்க்கிழமை கடை திறந்திருக்கும்தானே? பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேரையும் இருக்கச் சொல்லுங்கள்.