வேலை முடிந்தது, பணம் வரவில்லை: தொழில்காரர் கேள்விகளுக்குப் பதில்

வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுத்துவிட்டு, கூலிக்காக நடையாய் நடக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஊரும் தொழிலும் மட்டும் போட்டிருக்கிறோம், பெயர்களை விட்டுவிட்டோம். பணம் வராததற்கு வாடிக்கையாளரின் குணம் ஒரு காரணம் என்றால், வேலை முடிந்த அன்று ஒரு கையெழுத்து வாங்காமல் விட்டது இன்னொரு காரணம். முதலாவதை நாம் மாற்ற முடியாது. இரண்டாவதை மாற்றலாம்.

கேள்வி: திருமங்கலத்தில் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு வீட்டுக்கு மெயின் கேட்டும் ஜன்னல் கிரில்லும் கிலோ கணக்கில் பேசிச் செய்து மாட்டினேன். மொத்தம் 1,18,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000 வந்தது. மாட்டி முடித்த பிறகு "எடை குறையுதுண்ணே" என்று மூன்று மாதமாக மீதியைத் தர மறுக்கிறார். எடைமேடைச் சீட்டு எடுக்கவில்லை. கேட்டைக் கழற்றிக்கொண்டு வந்துவிடலாமா?

பதில்: கழற்றாதீர்கள். மாட்டிக் கொடுத்த பொருள் அவர் வசம் போய்விட்டது. அவர் சம்மதம் இல்லாமல் காம்பவுண்டுக்குள் போய் எடுத்தால் அத்துமீறல், திருட்டு என்று உங்கள் மேல் புகார் வரும். பாக்கிக்காரர் புகார்தாரராகிவிடுவார், உங்கள் 58,000 பேச்சிலேயே இல்லாமல் போய்விடும்.

சீட்டு இல்லாவிட்டாலும் எடையைக் கணக்கில் காட்ட முடியும். 12 மி.மீ. சதுரக் கம்பி மீட்டருக்கு 1.13 கிலோ. 10 மி.மீ. என்றால் 0.785 கிலோ. 25-க்கு 5 மி.மீ. பட்டை 0.98 கிலோ. ஒன்றரை மீட்டர் நீளத்தில் 12 மி.மீ. கம்பி 40 நின்றால் 60 மீட்டர், ஏறக்குறைய 68 கிலோ. இப்படி ஒவ்வொரு துண்டையும் எண்ணி, டேப் வைத்து அளந்து, உறுப்பு உறுப்பாக எழுதுங்கள். கீல், தாழ்ப்பாள், பூட்டுத் தகடு ஆகியவற்றைத் தனி வரியில் போடுங்கள்.

ஒன்றை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 12 மி.மீ. என்று கடையில் வாங்கிய கம்பி வெர்னியரில் 11.5 காட்டுவது உண்டு. அரை மி.மீ. குறைந்தாலே எடை 8 சதவீதம் குறைந்துவிடும். நீங்கள் கணக்கில் போட்டது 12-இன் எடை, வீட்டில் நிற்பது 11.5 என்றால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த வித்தியாசத்தைக் கழித்து பில்லைத் திருத்திக் கொடுங்கள். நியாயமான குறையை நீங்களே ஒப்புக்கொண்டு கழித்திருந்தால், மீதிக்கு அவர் சொல்லும் சாக்கு எந்த மன்றத்திலும் எடுபடாது.

பிறகு, "இன்ன தேதி காலை 10 மணிக்கு அளக்க வருகிறேன், நீங்களும் உங்கள் மேஸ்திரியும் இருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இருவரும் நின்று அளந்த தாளில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் மறுத்தால், அழைத்ததும் வராததும் பதிவில் இருக்கும், அதுவே சாட்சி.

அடுத்தது கடிதம். அதில் கோபம் வேண்டாம். என்ன வேலை, என்று முடிந்தது, மொத்தம் எவ்வளவு, வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு, எந்தக் கணக்கில் போட வேண்டும், 15 நாள் கெடு என்று மட்டும் எழுதுங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது. அதனால் ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு வசதியும் பட்டுவாடாச் சான்றும் கேட்டு அனுப்புங்கள். ரசீதைக் கடித நகலோடு பின் பண்ணி வையுங்கள்.

கெடு தாண்டினால் சட்டப்பணிகள் குழுவுக்குப் போகலாம். மதுரையில் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி போன்ற ஊர்களில் நீதிமன்ற வளாகத்திலேயே வட்டக் குழுவை விசாரிக்கலாம். வழக்குப் போடும் முன்பே மனு கொடுக்கலாம், கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவர்கள் எதிர்த்தரப்பை அழைத்துப் பேசவைப்பார்கள். மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடு எழுதிக் கையெழுத்தானால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. எதிர்த்தரப்பை வந்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்பதுதான் இதன் பலவீனம். வராவிட்டால் பண வசூல் வழக்குத்தான். தமிழ்நாட்டில் அதற்கு நீதிமன்றக் கட்டணம் வழக்குத் தொகையில் 3 சதவீதம். உங்கள் தொகைக்கு 1,740 ரூபாய், வக்கீல் கட்டணம் தனி.

கேள்வி: ஆரப்பாளையம் பக்கம் டூவீலர் ஒர்க்‌ஷாப். போர் போட்டு, பிஸ்டன் மாற்றி 9,400 ரூபாய் பில். "வண்டியைக் குடுங்கண்ணே, சம்பளம் வந்ததும் தர்றேன்" என்கிறார். பணம் வரும்வரை வண்டியை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டா?

பதில்: உண்டு. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் 170-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. ஒருவர் ஒப்படைத்த பொருளில் உங்கள் உழைப்பையோ திறமையையோ செலுத்தியிருந்தால், அந்தக் கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கலாம். தையல்காரருக்கும் நகை ஆசாரிக்கும் இதே உரிமைதான்.

ஆனால் எல்லைகள் உண்டு. இந்த வேலையின் கூலிக்கு மட்டும்தான் பிடிக்கலாம். போன வருஷ சர்வீஸ் பாக்கிக்காக இந்த வண்டியை நிறுத்தக் கூடாது. விற்கவும் கூடாது, ஓட்டவும் கூடாது. பத்திரமாக வைத்திருப்பது உங்கள் பொறுப்பு, மழையில் நனைந்து கெட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். முன்கூட்டியே பேசாமல், நிறுத்தி வைத்ததற்கு நாள் வாடகை சேர்க்க முடியாது. எல்லாவற்றையும் விட முக்கியம், "அடுத்த மாதம் கொடுங்கள்" என்று தவணைக்கு ஒப்புக்கொண்டுவிட்டால் இந்த உரிமை போய்விடும். துணி வாங்கிக் கோட்டுத் தைத்த தையல்காரர் மூன்று மாதக் கடனுக்கு ஒப்புக்கொண்டால் கோட்டைப் பிடித்து வைக்க முடியாது என்று சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. சாவியைக் கொடுத்து வண்டியை வெளியே விட்டாலும் அதே கதைதான். அப்புறம் வழியில் மறித்துப் பிடுங்கினால் குற்றம்.

வண்டியைக் கொடுத்தே தீரவேண்டிய நிலை என்றால், பாதித் தொகையாவது வாங்கிக்கொண்டு, மீதிக்குத் தேதியோடு அவர் கையெழுத்தை வாங்கிய பிறகு விடுங்கள்.

கேள்வி: கப்பலூர் சிட்கோவில் லேத் யூனிட். வெளியூர்க் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்து 4 லட்சத்துக்கு பில் போட்டு ஏழு மாதம் ஆகிறது. "அக்கவுண்ட்ஸில் இருக்கிறது" என்றே சொல்கிறார்கள். ஜிஎஸ்டி நான் கட்டிவிட்டேன்.

பதில்: உங்கள் கையில் இருப்பது மற்றவர்களுக்கு இல்லாத பலம், குறு, சிறு நிறுவனங்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு இருந்தால். 2006-ஆம் வருட குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் என்ன பேசியிருந்தாலும் குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். பர்ச்சேஸ் ஆர்டரில் "90 நாள் கடன்" என்று அச்சடித்திருந்தாலும் அது செல்லாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. விகிதம் 5.5 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 16.5. உங்கள் 4 லட்சம் ஒரு வருடம் நின்றால் வட்டி மட்டும் 71,000 ரூபாயைத் தாண்டும்.

நாள் எண்ணுவது பில் தேதியிலிருந்து அல்ல, அவர்கள் சரக்கை ஏற்ற தேதியிலிருந்து. அதனால் டெலிவரி சலானில் அவர்கள் ஸ்டோர் சீலும் தேதியும் இல்லாமல் வண்டியைத் திருப்பாதீர்கள். சரக்கில் குறை என்றால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். ஏழாவது மாதம் "ஃபினிஷிங் சரியில்லை" என்று வாயால் சொல்வது அவர்கள் பக்கத்தில் நிற்காது.

வழக்குக்கு முன்னால் அவர்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கே ஒரு கடிதம் போடுங்கள். அதில் இரண்டு விஷயம். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், அவர்கள் எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவை, அதாவது உங்கள் பில்லில் உள்ள வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொண்டதை, வட்டியோடு திருப்ப வேண்டும். உங்களுக்கு ஏழு மாதம், அந்தக் கெடு தாண்டிவிட்டது. அடுத்தது, 2023 நிதிச் சட்டம் வருமான வரியில் கொண்டுவந்த விதி. குறு, சிறு உற்பத்தி, சேவை நிறுவனங்களுக்கு மேலே சொன்ன 45 நாள் அல்லது 15 நாள் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். முதலாளிக்குக் கேட்காத குரல் ஆடிட்டருக்குக் கேட்கும். கடிதத்தில் உத்யம் எண்ணைக் குறிப்பிட்டு, சான்றிதழ் நகலையும் வையுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால், குறு, சிறு நிறுவனங்களின் பாக்கித் தகராறுக்கு அதே 2006 சட்டப்படி அமைந்த வசதி மன்றத்தில் மனு. தமிழ்நாட்டின் மண்டல மன்றங்களில் ஒன்று மதுரையில் இயங்குகிறது. கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் இருக்கும் இடத்து மன்றத்தில்தான் மனு, அலைய வேண்டியது அவர்கள். முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்துப் போக வேண்டுமானால் அவர்கள் 75 சதவீதத் தொகையை முன்கூட்டிக் கட்ட வேண்டும். பல கம்பெனிகள் இந்தக் கட்டத்துக்கு வரும் முன்பே பேசித் தீர்க்க வருவதற்கு அதுதான் காரணம்.

உத்யம் பதிவு இல்லாதவர்கள் இன்றே செய்யுங்கள், ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் இல்லை. வேலை வாங்கிய பிறகு பதிவு செய்தால் பழைய பில்லுக்குப் பலன் கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2021-லும் 2022-லும் சொல்லியிருக்கிறது.

கேள்வி: மேலூர் பக்கம் பந்தல், சீரியல் லைட் தொழில். திருவிழா முடிந்து கமிட்டி கொடுத்த 75,000 செக் திரும்பிவிட்டது. "மறுபடி போடுங்க தம்பி" என்கிறார்கள். போடலாமா?

பதில்: செக் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். ஆனால் நாட்களை விரலில் எண்ணிக்கொண்டு போடுங்கள். வங்கியிலிருந்து திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ். அது கிடைத்ததிலிருந்து அவர்களுக்கு 15 நாள். அப்படியும் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவு இது. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

நோட்டீஸில் செக் தொகையைத் துல்லியமாகத் தனியே கேளுங்கள். ஜெனரேட்டர் பாக்கி, டீசல் பாக்கி எல்லாம் கலந்து "மொத்தம் 92,000 தரவும்" என்று எழுதி வழக்கைக் கெடுத்துக்கொள்பவர்கள் அதிகம். செக் கமிட்டிக் கணக்கிலிருந்து வந்ததா, ஒருவரின் சொந்தக் கணக்கிலிருந்தா என்று பாருங்கள். சொந்தக் கணக்கு என்றால் கையெழுத்துப் போட்டவருக்கு நோட்டீஸ். கமிட்டிக் கணக்கு என்றால் கமிட்டிக்கும், கையெழுத்திட்டவர்களுக்கும், நிர்வாகத்தை நடத்தும் தலைவர், பொருளாளருக்கும் தனித்தனியே அனுப்புங்கள். வழக்கு உங்கள் வங்கிக் கிளை இருக்கும் எல்லையில் நடக்கும்.

கேள்வி: வில்லாபுரத்தில் பெயின்டிங் கான்ட்ராக்ட். எழுத்தில் எதுவுமே இல்லை, போனில் பேசியதும் வாட்ஸ்அப்பும்தான். கேஸ் நிற்குமா?

பதில்: நிற்கும். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். இலவசமாகச் செய்யவில்லை என்பது தெரிந்து, வேலையின் பலனை அனுபவித்தவர் ஈடு தர வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டம் 70-வது பிரிவும் சொல்கிறது. சாட்சியத்தைக் காப்பாற்றுவதுதான் உங்கள் வேலை. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் போட்டு வையுங்கள். அந்தப் போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் கொடுக்க அது தேவைப்படும். அட்வான்ஸ் வந்த ஜிபே பதிவு, பெயின்ட் கடை பில், ஆட்களின் நாள்கணக்கு நோட்டு எல்லாம் சேர்ந்தால் படம் முழுமையாகும். இனியாவது அட்வான்ஸ் அனுப்பும்போது குறிப்பில் "ஹால் பெயின்டிங் முன்பணம்" என்று எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: அவர் படத்தை ஸ்டேட்டஸில் போட்டு "பணம் தராதவர்" என்று எழுதினால் என்ன?

பதில்: வேண்டாம். அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும். ஆட்களோடு வீட்டு வாசலில் போய் நிற்பதும் அப்படியே, மிரட்டல் என்று புகாராகும். காவல் நிலையமும் பாக்கி வசூலிக்கும் இடம் அல்ல, உரிமையியல் தகராறு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: 20,000 பாக்கிக்கு 12,000 தருகிறேன், "கணக்கு முடிந்தது" என்று எழுதிக் கொடு என்கிறார். டைல்ஸ் ஒட்டிய வேலை, சமயநல்லூர்.

பதில்: எழுதிக் கொடுத்தால் அதோடு முடிந்தது, மீதி 8,000-ஐப் பிறகு கேட்க முடியாது. குறைந்த தொகையை முழுத் தீர்வாக ஏற்கும் உரிமை சட்டப்படி உங்களுக்கு உண்டு, ஏற்ற பிறகு பின்வாங்க முடியாது. தட்டினால் வெறும் சத்தம் கேட்கும் டைல்ஸ் நிஜமாகவே இருந்து, அதை எடுத்து ஒட்ட ஆள்கூலி அவ்வளவு ஆகும் என்றால் ஒப்புக்கொள்ளலாம். குறையே இல்லாமல் பேரம் மட்டும் என்றால், 12,000-ஐ வாங்கிக்கொண்டு "பகுதித் தொகை 12,000 பெற்றேன், பாக்கி 8,000" என்று ரசீது கொடுங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டுங்கள். கார்பன் பிரதியில் அவர் கையெழுத்தையும் வாங்குங்கள், காரணம் அடுத்த பதிலில்.

கேள்வி: உசிலம்பட்டியில் ஒரு வீட்டு வயரிங் 2022-இல் முடித்தது. 35,000 பாக்கி. வருஷா வருஷம் நோட்டீஸ் கொடுத்து வருகிறேன். இன்னும் கேஸ் போடலாமா?

பதில்: தவணை எதுவும் பேசாத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து 3 வருடம்தான் காலவரம்பு. நீங்கள் எத்தனை நோட்டீஸ் கொடுத்தாலும் அது நீளாது. பலர் ஏமாறுவது இங்கேதான். கெடு முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்திருந்தாலோ, பகுதித் தொகை கொடுத்து அது அவர் கையெழுத்தில் பதிவாகியிருந்தாலோ, அந்த நாளிலிருந்து புதிதாக 3 வருடம் கிடைக்கும். வீட்டில் பழைய டைரி, சீட்டு, அவர் கொடுத்த செக்கின் நகல் எல்லாவற்றையும் ஒரு தடவை தேடிப் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் ஒரு வழி மிச்சம் இருக்கிறது. காலம் கடந்த கடனையும் தருகிறேன் என்று அவர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தச் சட்டம் 25-வது பிரிவுப்படி அது செல்லும். தெரிந்த பெரிய மனிதர் ஒருவரை வைத்துப் பேசி, மாதம் 3,500 வீதம் பத்து மாதத்தில் தருவதாகத் தேதி போட்டு எழுதி வாங்குங்கள்.

கேள்வி: வேலை முடிந்த அன்று வாங்க வேண்டிய அந்தக் கையெழுத்துச் சீட்டில் என்ன எழுத வேண்டும்?

பதில்: அரைப் பக்கம் போதும். வேலை நடந்த முகவரி. செய்த வேலை, அளவோடு. முடித்து ஒப்படைத்த தேதி. பேசிய தொகை, பிறகு சேர்த்த கூடுதல் வேலை தனியாக, பெற்ற தொகை, பாக்கி, பாக்கி தரும் தேதி. "வேலையைப் பார்வையிட்டேன், கீழ்க்கண்ட குறைகள் மட்டும்" என்று ஒரு வரி, அதன் கீழ் இடம் விடுங்கள், குறை இல்லையென்றால் "இல்லை" என்று அவர் கையாலேயே எழுத வேண்டும். வாடிக்கையாளர் வெளிநாட்டில் இருந்து அவருடைய அப்பாவோ மாமாவோ வேலையைப் பார்த்துக்கொண்டால், அவர் "இன்னாருக்காக" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும், சீட்டின் படத்தை அன்றே உரிமையாளரின் எண்ணுக்கு அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். இதையெல்லாம் சாமான்களை வண்டியில் ஏற்றும் முன், கடைசி வேலையான சுவிட்சுப் பலகையோ பூட்டோ பாக்கி இருக்கும்போதே செய்துவிடுங்கள்.